இருபத்துமூன்று வளைய எருமை

முதலில் அநியாயம் செய்தவர் ஓவர்சீயர் அர்த்தநாரி. மற்றவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றவர்கள்தான். விசாரிக்க வந்த அதிகாரி, எழுதியதைப் படித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கிய கிளார்க், ஓடைவீதிக்காரர்கள், அந்த வீதியில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லர் குழந்தைவேலு, எல்லாரும் அப்புறம். கொழிஞ்சிமேடு பேரூராட்சியில் வீதி வீதியாகப் போய் வால்வு திறந்து தண்ணீர் விடுகிற சென்னியப்பனுக்கு இந்த வரிசை ஒரு நாளும் முன்பின்னாகப் பிசகியதில்லை.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழைக்கு நாலு நாள் இருக்கும்போது, ஓடைவீதிக் குழாயில் சாக்கடையை ஒட்டி ஒரு மூட்டு விட்டுப்போயிருப்பதைச் சென்னியப்பன் பார்த்தான். பார்த்த கையோடு ஆபீசுக்குப் போய்ச் சொன்னான். மறுநாள் சொன்னான். அதற்கு மறுநாளும் சொன்னான். மூன்று தரமும் ஓவர்சீயர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நாளைக்குப் பாக்கலாம் போடா" என்றார். நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சாக்கடை குழாய்க்குள் போனது, குழாய் வீட்டுக்குள் போனது, வீட்டிலிருந்தவர்களின் கண் மஞ்சளாயிற்று. நாற்பத்தோரு பேருக்குக் காமாலை கண்டு, நாற்பது பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். எழாமல் போனவள் டெய்லர் குழந்தைவேலுவின் மனைவி சரசாத்தாள். விசாரணையில் அர்த்தநாரி, "நான் அப்பவே சரிபண்ணச் சொன்னேன், இவன்தான் மறந்துட்டான்" என்றார். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை, காகிதத்தில் எழுதச் சென்னியப்பனுக்கு வராது, மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுதி நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். அன்றிலிருந்து ஊரில் அவனுக்குக் காமாலை என்று பேர். 'காமாலை தண்ணி உட்டுட்டானா' என்று கேட்டார்கள், 'காமாலை வீடு எது' என்று கேட்டார்கள், ஓட்டுப் போடப் போனால் அங்கேயும் ஒருத்தன் அப்படித்தான் கூப்பிட்டான்.

அந்த மழைக்குப் பிறகு அவன் எந்த வேலையையும் மறுநாளுக்கு விட்டதில்லை. விடிந்ததும் ஒரு டப்பாவிலிருந்து புளியங்கொட்டை அள்ளுவான், ஒரு வேலைக்கு ஒரு கொட்டை, ஏழுதான், எட்டாவதுக்கு அவன் கை நீளாது. ஏழையும் இடது பையில் போட்டுக்கொண்டு கிளம்புவான், எந்த வேலையைத் தள்ளிப்போடத் தோன்றுகிறதோ அதை முதலில் முடிப்பான், முடித்ததும் ஒரு கொட்டை வலது பைக்குப் போகும், இடது பை காலியாகாமல் வீடு திரும்ப மாட்டான். எட்டாவது வேலையோடு யார் வந்தாலும், செயல் அலுவலரே வந்தாலும், "நாளைக்கு முதக்கொட்டை உங்களுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். மறுநாள் முதல் கொட்டை அவர்களுடையதாகத்தான் இருக்கும். ஊரில் ஆளாளுக்குப் பிரஷர் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தபோது அவன் சோறு தின்றால் சோற்றை மட்டும் தின்றான், படுத்தால் படுத்த இடத்தில் தூங்கினான். அந்த ஒரு பேர் மட்டும் நெஞ்சில் கிடந்து அரித்தது. அதற்குக் கொட்டை போட அவனுக்கு வழி தெரியவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், கொழிஞ்சிமேட்டில் யார் யார் எந்த எந்த வேலையைச் செய்யாமல் போட்டு வைத்திருந்தார்களோ அந்த அந்த வேலை எருமையாகி அவரவர் வீட்டில் வந்து நின்றது.

நேற்று விட்ட வேலை பூனை அளவு இருந்தது, போன மாதத்து வேலை கன்றுக்குட்டி, போன வருஷத்து வேலை நிலைக்கதவில் கொம்பு இடிக்கிற உருப்படி. அவை தின்னவில்லை, சாணி போடவில்லை, யாரையும் முட்டவில்லை. அசைபோட்டன, அவ்வளவுதான். காதருகே ஈரத்துணியைப் பிசைவதுபோல ஒரு சத்தம், உட்கார்ந்தால், எழுந்தால், வாயில் சோறு வைத்தால், அந்தச் சத்தம். வேலையை முடித்தால் எருமை காதை ஒரு தரம் உதறிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகும், போகப் போக சிமெண்டுத் தரையில் ஈரம் காய்வதுபோலக் காய்ந்து, வீதி முனை திரும்புவதற்குள் இல்லாமல் போகும்.

ஊர் இதற்கு இரண்டு நாள் வாயைப் பிளந்தது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, நாடித்துடிப்பு இல்லாதது தன் இலாகாவில் சேராது என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு பேர் பால் பீய்ச்சிப் பார்த்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்கள். மளிகைக்கடைக்காரர் தன்னுடைய நாலு உருப்படியைச் சந்தைக்கு ஓட்டிப்போய், துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசி, நல்ல விலைக்குத் தள்ளிவிட்டுப் பஸ்ஸில் திரும்பினார். அவர் இறங்குமுன் நாலும் வாசலில் அசைபோட்டுக்கொண்டு நின்றன. பெண் கொடுக்கப் போகிறவர்கள் ஜாதகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையை முதலில் எட்டிப் பார்த்தார்கள். பேரூராட்சி ஆபீசில் மேஜைக்கும் நாற்காலிக்கும் இடம் இல்லாமல், சிப்பந்திகள் எருமை முதுகுமேல் பலகை போட்டு உட்கார்ந்து எழுதினார்கள். இதற்கு ஒரு தீர்வு காண வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டு ஒரு கமிட்டி அமைத்தார்கள், கமிட்டி கூடவில்லை, கூடாத கமிட்டிக்கு ஒரு எருமை வந்து தலைவர் நாற்காலிக்குப் பின்னால் படுத்துக்கொண்டது.

சென்னியப்பன் வீட்டில் பூனை அளவுகூட ஒன்றும் இல்லை. ஆனால் வேலிப்படலுக்கு வெளியே, லாரி முகப்பு அளவுக்கு ஒரே ஒரு எருமை நின்றது, சாம்பல் பூத்த தோலும் பின்னுக்கு வளைந்த கொம்புமாக. அந்த வாரத்தில் ஊருக்குள் வந்த அத்தனை உருப்படியிலும் பெரியது அதுதான். பார்க்கக் கூட்டம் கூடியது. மாட்டுத் தரகர் பொங்கியண்ணன் ஏணி வைத்து ஏறி, கொம்பிலிருந்த வளையங்களை எச்சில் தொட்டுத் தடவி எண்ணினார்.

"இருபத்துமூணு" என்றார். "இருபத்துமூணு வருசத்து வேலை இது."

கூட்டம் கணக்குப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முன்னால் நின்ற டெய்லர் குழந்தைவேலு கெக்கெக்கென்று சிரித்தார், சிரித்த வாயோடு கண் கலங்கினார். "பாத்துக்கோங்கப்பா. ஆபீசர் விசாரிச்சாரு, அப்பவே சொன்னாங்க. இப்ப சாமியே கொண்டாந்து கட்டீருச்சு. உன்ர மறதிதாண்டா அது, காமாலை. என்ர சரசுதாண்டா அது."

"நான் மறக்கலை" என்றான் சென்னியப்பன்.

"பின்ன எதுக்கு உன்ர வாசல்ல நிக்குது? வழி கேட்டு வந்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். சென்னியப்பன் கயிறு போட்டு அந்த எருமையை அர்த்தநாரி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். அது மறுக்கவில்லை, நாய்க்குட்டி மாதிரி கூடவே வந்தது. அர்த்தநாரி ஓய்வு பெற்று, மாடி வீடு கட்டி, முன்னால் ரோஜாத்தொட்டி வைத்திருந்தார். அவர் வீட்டில் நாலைந்து கன்றுக்குட்டிகள்தான் நின்றன; பல் டாக்டரிடம் போகாதது, மோட்டாருக்குக் கரண்டு இணைப்பு மாற்றாதது என்று. எருமையை அவர் கேட்டில் கட்டிவிட்டு வந்தான். வீட்டில் துண்டை உதறுவதற்குள் அது படலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தது. ஒன்பது தரம் கட்டினான், ஒன்பது தரமும் திரும்பியது. இனி அவனுக்கும் அந்தச் சத்தம். ஏழு கொட்டையும் வலது பைக்குப் போன பிறகும் சத்தம் நிற்கவில்லை. வாழ்நாளில் முதல் முறையாகச் சென்னியப்பன் தூங்காமல் கிடந்தான், கண்ணுக்குக் கீழே கறுத்தது, ஒரு நாள் வடக்கு வீதிக்கு விடவேண்டிய தண்ணீரைத் தெற்கு வீதிக்கு விட்டான்.

அவன் மனைவி மாராத்தாள்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். அவள் வீதிக் குழாயடியில் நின்று கேட்டு வந்தாள்.

"ஏனுங்க, சொக்கம்மா வீட்டுக்காரன் மூணு வருசமா ஓடு மாத்தறன் ஓடு மாத்தறன்னு திரியறான்ல. அந்த எருமை எங்க நிக்குதுன்னு நினைக்கறீங்க? அவன் கட்டில்கிட்ட இல்லீங்க. அவ அடுப்படியில நிக்குது. அவன் நல்லாக் குறட்டை விடறான். அவளுக்குத்தான் காதோரம் சத்தம்."

"அவன் வேலை எதுக்கு அவகிட்ட நிக்கோணும்?"

"அவன் நினைக்கறதே இல்லியே. நினைக்காத ஆளுகிட்ட அது எப்பிடி நிக்கும்? யாரு நெஞ்சுல கிடக்குதோ அங்க வந்துருது. போன வாரம் பேஞ்ச மழைக்கு அவன் மூஞ்சில ஒழுகுச்சு, அன்னிக்கு ஒரு நாள் மெய்யாலுமே கவலைப்பட்டான், உடனே அடுப்படியிலிருந்து எந்திரிச்சுப் போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்துல படுத்துக்கிச்சாம். மறுநாள் வெயில் அடிச்சுது, அவன் மறந்துட்டான், மறுபடி அடுப்படி."

விசாரித்துப் பார்த்தால் ஊரில் பாதி எருமை அடுப்படிகளில்தான் நின்றது.

சென்னியப்பன் படலைப் பிடித்துக்கொண்டு எருமையைப் பார்த்தான். பழி சொன்னதுகூட இருக்கட்டும். ஒரு பெண்ணைச் சாகவிட்டு, ஒருத்தன் பேரைக் கெடுத்துவிட்டு, இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு தரம்கூட அந்த மனுஷன் அதை நினைக்கவில்லை, நினைத்திருந்தால் இந்த எருமை அங்கே நின்றிருக்கும். இது அவனுக்கு அந்தப் பழியைவிடக் கசந்தது.

சித்திரை பிறந்ததும் டெய்லர் குழந்தைவேலு அவனைத் தேடி வந்தார். வர வேண்டும் என்று வந்தவர் இல்லை, வேறு வழியில்லாமல் வந்தவர். கல்யாண சீசனில் ஜாக்கெட்டுக்கு ஒன்று, பாவாடைக்கு ஒன்று என்று அறுபத்தெட்டுக் கன்றுகள் அவர் கடையில் நின்றன, தையல் மெஷினை மிதிக்கக் கால் நீட்ட முடியவில்லை, துணி கொடுத்த பெண்கள் வந்து கன்றின் கழுத்தைத் தடவி 'இது என்னோட பச்சை ஜாக்கெட்டு' என்று அடையாளம் சொல்லித் திட்டினார்கள். டாக்டர் அவரிடம், இப்படியே போனால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்.

குழந்தைவேலு படலுக்கு வெளியே, அந்தப் பெரிய எருமைக்கு அந்தப் பக்கமாக நின்றுகொண்டார். "உன்ர ஊட்டுல சில்லறை உருப்படி ஒண்ணுகூட இல்லைங்கறாங்க. எப்பிடி?"

"எதுக்குச் சொல்லோணும்?"

"சொல்ல வேண்டாம் போ." போகாமல் நின்றார். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். முகம் வேர்த்திருந்தது.

"முதல்ல அந்த வெத்துச் சிரிப்பை நிறுத்தோணும்" என்றான் சென்னியப்பன். "வர்ற பொம்பளைங்க எல்லாத்துகிட்டயும் பல்லைக் காட்டி, ஆகட்டும் கண்ணு, நாளைக்கு வா கண்ணுங்கறயே, அந்த வாயை முதல்ல தெச்சுக்கோ. ஒரு நாளைக்கு எத்தனை தெப்பே?"

"நல்லாத் தெச்சா ஏழு, எட்டு."

"வாங்கறது?"

"இருபது..."

"அப்பறம் நெஞ்சு அடைக்காம, பூவா பூக்கும்?" உள்ளே போய் ஒரு பிடி புளியங்கொட்டை அள்ளி வந்து படலுக்கு மேலாக நீட்டினான், கையில் கொடுக்காமல் படலின் குறுக்குக்கட்டைமேல் வைத்தான். எப்படிச் செய்ய வேண்டும் என்பதை வைவதுபோலவே சொன்னான். "எட்டாவது ஆளுகிட்ட முடியாதுன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அவ கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போனா அவளோட எருமையும் கூடப் போயிரும். கஷ்டமானதை முதல்லத் தையி. முடிச்சதை முடிச்சபக்கம் போடு. நடுவுல எந்திரிச்சுப் போயி டீக்கடையில அரசியல் பேசாத."

"இவ்வளவுதானா?"

"இதைச் செய்ய மாட்டாமத்தான் ஊரே மாடு மேய்க்குது."

வைகாசி பிறக்குமுன் குழந்தைவேலுவின் கடை காலியாயிற்று. ஒவ்வொரு நாளும் மாலையில் ஏழெட்டுக் கன்றுகள் காதை உதறிக்கொண்டு வரிசையாக வெளியேறிக் காய்ந்து போவதை வீதியே நின்று பார்த்தது. அறுபத்தெட்டாவது போன அன்று அவர் மெஷின்மேல் தலைவைத்து அரை மணிநேரம் அழுதார், பிறகு அப்படியே தூங்கினார், எழுந்து மூன்று தோசை கேட்டு வாங்கித் தின்றார். டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். குழந்தைவேலு அந்த வழியைத் தன் வாடிக்கைக்காரர்களுக்குச் சொன்னார், ஆனால் யாரிடம் கற்றேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை, சரசாத்தாளின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அந்தப் பேரை எப்படி நல்லவிதமாகச் சொல்வது. பேண்டுக்கு அளவு கொடுக்க வந்த அர்த்தநாரியிடமும் அப்படித்தான் சொன்னார்.

அர்த்தநாரிக்கு அது போதும். பழைய கல்யாண மண்டபத்தில் ஞாயிறுதோறும் கூட்டம் போட்டார், வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக மேடையேறி, "அன்பர்களே, மனசு பதறுவது வேலை அதிகம் என்பதால் இல்லை, வேலைக்கு ஒழுங்கு இல்லை என்பதால்" என்று ஆரம்பித்து, புளியங்கொட்டையைத் தூக்கிக் காட்டி, இது தன் சர்வீசில் தானே கண்டுபிடித்தது என்றார். ஜனங்கள் அப்படியே செய்தார்கள். செய்தால் பலித்தது, யார் வாயால் வந்தாலும் பலிக்கிற வழி அது. வீடு வீடாக எருமைகள் கிளம்பின. ஆபீசில் மேஜை மறுபடி தரையில் நின்றது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை குறைந்தது, பிள்ளைகளுக்கு விழும் அடி குறைந்தது, பகலில் ஊருக்குள் ஒரு அமைதி இறங்கியது, பூட்டிய வீட்டுக்குள் மின்விசிறியை நிறுத்தியதுபோல. 'அர்த்தநாரி ஐயா முறை' என்று அதற்குப் பேர் ஆயிற்று. தன் புளியங்கொட்டையால் தூங்குகிற ஊருக்கு நடுவில் சென்னியப்பன் ஒருத்தன் மட்டும் தூங்காமல் வால்வுச் சாவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். தண்ணீர் விடப் போனால் ஒருத்தி அவனிடமே சொன்னாள்: "காமாலை, நீயும் ஓவர்சீயரய்யா கூட்டத்துக்கு வா. மறதிக்கு நல்லது."

ஆவணியில் அர்த்தநாரிக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி, வாழைமரம், மைக்செட், ஆளுயர மாலை. சென்னியப்பன் துவைத்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். "நானும் வரட்டுங்களா?" என்றாள் மாராத்தாள். "வா, வந்து பாரு" என்றான். எருமை கயிறில்லாமலே பின்னால் வந்தது. மண்டபத்து வாசலில் அதன் கொம்பு பட்டு வாழைமரம் இரண்டும் சாய்ந்தன. நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜனங்கள் வழிவிட்டார்கள், அது நடுவால் நடந்து மேடைக்கு முன்னால் போய் நின்றது, அசைபோடுகிற சத்தத்தை மைக் பிடித்துக்கொண்டு மண்டபம் முழுக்கப் பரப்பியது.

"வா சென்னியப்பா" என்று அர்த்தநாரி மாலைக்கு மேலிருந்து சிரித்தார். "உன்னோட கஷ்டத்தையும் தீர்த்து வைப்போம். எத்தனை கொட்டை போடறே?"

"என்ர கொட்டையெல்லாம் தீந்துபோச்சுங்க. இது உங்களுதுங்க. ஓடைவீதி மூட்டுங்க. மூணு நாள் வந்து சொன்னனுங்க. நாளைக்குப் பாக்கலாம்னீங்க. நீங்க பாக்கலைங்க. அதை இங்க எல்லார்த்துக்கும் முன்னால ஒருவாட்டி சொல்லிப்போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைவேலு கையிலிருந்த விசிறியை மடியில் வைத்தார்.

அர்த்தநாரி மைக்கைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த மூட்டு அவர் நெஞ்சுக்குள் இறங்கியது என்பதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள், ஏனென்றால் அதுவரை சென்னியப்பன் பக்கமாக நின்ற எருமை மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது.

"அன்னைக்கு ஒரு தவறு நடந்துபோச்சு" என்றார் அர்த்தநாரி.

எருமை ஒரு காலைத் தூக்கியது.

"நடந்துச்சுங்களா? யாருங்க நடத்துனது?"

"நான்..." என்றார். எருமை காதை உதறுவதற்கு மடக்கியது. "நான்... சென்னியப்பனை இன்னும் கண்டிச்சு வேலை வாங்கியிருக்கோணும்."

எருமை காலைக் கீழே வைத்தது. வைத்த அதிர்வில் மேடை விளக்கு ஒன்று அணைந்தது.

பின்வரிசையில் யாரோ ஒரு பெரிய மனுஷன் எழுந்து, "விடப்பா சென்னியப்பா, வயசானவரு. நீ ஒரு வார்த்தை மன்னிச்சேன்னு சொல்லிட்டா மாடும் போயிரும், உனக்கும் நிம்மதி" என்றார். ஆமாம் ஆமாம் என்றார்கள். போன மாதம் தங்கச்சியை மன்னித்து ஒருத்தி ஒரு எருமையை அனுப்பியிருக்கிறாள், அது எல்லாருக்கும் தெரியும், சென்னியப்பனுக்கும் தெரியும். கண் எரிந்தது அவனுக்கு, ஐந்து மாதமாக மூடாத கண்.

"அது அவரு வேலைங்க" என்றான். "அவரு வேலையை இருபத்துமூணு வருசம் நான் சுமந்தாச்சு. முடிச்சும் நானே குடுக்கோணுமா?"

திரும்பி நடந்தான். மண்டபத்து வாசல் தாண்டி, ரோட்டைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி வரை நடந்த பிறகுதான் பின்னால் குளம்புச் சத்தம் கேட்கவில்லை என்று மாராத்தாள் சொன்னாள். எருமை அர்த்தநாரியின் காருக்குப் பின்னால் போய்விட்டிருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சென்னியப்பன் பாயில் சாய்ந்தான். சத்தம் இல்லை. இல்லாத சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப்போனான், மறுநாள் காலை வரை மாராத்தாள் எழுப்பவில்லை.

புரட்டாசி பாதியில், வெயில் உச்சிக்கு ஏறின நேரத்தில், அர்த்தநாரி அவன் வீட்டுக்கு வந்தார். ரோஜாத்தொட்டியெல்லாம் மிதிபட்டுப் போயிற்று, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றுபோயிற்று, ஐந்து வாரத்தில் சட்டை தோளிலிருந்து தொங்கியது. எருமை அவருக்குப் பின்னால் நின்று அசைபோட்டது.

"சென்னியப்பா" என்றார். "நாந்தான். நீ மூணு நாளும் வந்து சொன்னே. நாந்தான் பாக்கலை. அந்தப் பொம்பளை செத்தது என்னாலதான். போதுமா?"

எருமை அசையவில்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. எந்த ஆபீசுல உக்காந்து பொய் எழுதிக் குடுத்தீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. குழந்தைவேலுவை நிக்க வெச்சுச் சொல்லுங்க."

"இந்த வயசுல எப்படிடா... மகன் வெளிநாட்டுல பெரிய உத்தியோகத்துல இருக்கறான். பேரன் பேத்தி இருக்குதுங்க. தூங்கி முப்பது நாளாச்சுடா. நீ மன்னிச்சா இது போயிரும். உனக்கென்ன நட்டம்?"

"உங்களுக்கு இதெப்பிடி முப்பது நாளோ, எனக்கு இருபத்துமூணு வருசங்க. நானும் தூங்கறதுக்குத்தான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேலையா முடிச்சனுங்க. என்ரதை முடிச்சா எனக்குத் தூக்கம் வருமுங்க, உங்களுதை முடிச்சா உங்களுக்கு வருமுங்க. இதுல மந்திரம் ஒண்ணும் இல்லை. நீங்கதான் மேடையில சொன்னீங்களே."

அர்த்தநாரி படலில் நெற்றியை வைத்துக்கொண்டார். சென்னியப்பன் அவரை உள்ளே கூப்பிடவில்லை, மாராத்தாள் மோர் எடுத்து வந்ததைக் கண்ணாலேயே நிறுத்தினான், பிறகு என்ன நினைத்தானோ, "குடு" என்றான். அவர் குடித்தார்.

"சரி. நாளைக்குச் சொல்லிடறேன்" என்றார். சொன்ன உடனே அவர் காலடியில் பூனை அளவு ஒரு கன்று நின்றது. அவர் அதைத் தாண்டி நடந்தார், அது தள்ளாடித் தள்ளாடிப் பின்னால் போனது.

டெய்லர் குழந்தைவேலு அந்த வாரம் ஓடைவீதி வால்வுக்குழியோரம் வந்து நின்றார். சென்னியப்பன் சாவியைப் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தான்.

"நீ சொல்றது நெசமாவே இருக்கலாம்" என்றார் குழந்தைவேலு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "அவரு வாயால வரட்டும். வந்தா நான் உன்ர ஊட்டுக்கு வந்து கையப் புடிச்சுக்கறேன். வர்ற வரைக்கும் உன்னைப் பாத்தா எனக்குச் சரசு நினைப்புத்தான் வருது, நான் என்ன பண்ண? பேரு வாயில ஒட்டிக்கிச்சு."

"உன்னைய யாரு இப்பக் கேட்டது?" என்றான் சென்னியப்பன். "தள்ளி நில்லு, தண்ணி தெறிக்கும்."

அர்த்தநாரி வீட்டுக்கு முன்னால் இப்போது அந்தப் பெரிய எருமையோடு பதினொரு கன்றுகள் நிற்கின்றன, அவர் சொன்ன ஒவ்வொரு 'நாளைக்கு'க்கும் ஒன்று. காற்று கிழக்கே திரும்பினால் அசைபோடுகிற சத்தம் சென்னியப்பன் வீடு வரை வருகிறது, அவன் அதைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறான். ஐப்பசி பிறந்துவிட்டது. கொம்பில் இருபத்துநாலாவது வளையம் விழுந்துவிட்டதாகப் பொங்கியண்ணன் ஏணி வைத்துப் பார்த்துச் சொன்னார். வரவேண்டிய வார்த்தை வரவில்லை. நாளை திங்கட்கிழமை. ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும்.